வான்கோழி இல்லாத கிறிஸ்துமஸ்

பண்டிகை என்றதும் பட்சணத்தின் ஞாபகம் வருவது மனித சுபாவம். தீபாவளிக்குக் கங்கா ஸ்நானம் முக்கியமா, பலகாரம் முக்கியமா என்று வீட்டுக் குழந்தைகளிடம் வோட்டு எடுத்தால் முடிவு என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் கிழக்கு, மேற்கு என்ற பேதமே கிடையாது. டிசம்பர் 25-ந் தேதி கிறிஸ்து ஜயந்தியைக் கொண்டாடும் தேசங்களில், கோயில் மணியின் ஓசைக்கு அடுத்தபடியாக ஜனங்கள் செவி கொடுப்பது சமையலறையில் தட்டுமுட்டுச் சாமான்கள் எழுப்பும் ஓசைக்குத்தான்.

அந்தச் சமையலறைகளில் இப்போது ஒரு விவாதம் நடந்து வருகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் டிசம்பர் பிறந்துவிட்டால் பல வீடுகளில் அது தலைகாட்டுகிறது. "இந்த வருஷமும் அதே வான்கோழிதானா? வேறு ஏதாவது சமைத்தால் என்ன?" என்று ஒரு கட்சி கேட்கிறது. "வான்கோழி இல்லாமல் கிறிஸ்துமஸா? உன் பாட்டி இருந்தால் என்ன நினைப்பாள்?" என்று எதிர்க்கட்சி கண்ணில் நீர் ததும்பக் கேட்கிறது. கேட்பதற்குச் சிறிய சச்சரவாகத் தோன்றினாலும், இதற்குள்ளே பெரிய பிரச்னை ஒன்று இருக்கிறது. ஒரு குடும்பம் தன் வழக்கத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம்? அதை யார் தீர்மானிப்பது? அடுப்படியில் நிற்பவளா, மேஜையில் உட்கார்ந்திருப்பவர்களா? இந்தக் கேள்விகள் நம் வீடுகளுக்கும் புதியவை அல்லவே!

பழைய வழக்கத்தின் வயது

முதலில், "தொன்றுதொட்டு வந்த வழக்கம்" என்று சொல்லப்படுவதன் வயதைக் கொஞ்சம் விசாரிப்போம்.

பழைய காலத்து இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் வான்கோழிக்கும் யாதொரு சம்பந்தமும் இருக்கவில்லை. பிரபுக்களின் மாளிகைகளில் காட்டுப் பன்றியின் தலையை அலங்கரித்துத் தட்டில் ஏந்தி, பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலமாக வருவார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த குயின்ஸ் கல்லூரியில் அந்தச் சடங்கின் ஞாபகம் நெடுங்காலம் போற்றப்பட்டு வந்திருக்கிறது. பெரிய விருந்துகளில் மயிலைச் சமைத்து, அதன் தோகையை மறுபடியும் அதன்மேல் பொருத்தி மேஜைமீது வைப்பதும் உண்டு. பிற்காலத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் மாட்டிறைச்சியும், தென்பகுதியில் 'கூஸ்' என்னும் பெருவாத்தும் பண்டிகை உணவாக விளங்கின.

ஏழைத் தொழிலாளிகள் அந்தப் பெருவாத்தை வாங்கிய விதம் நமக்கு மிகவும் பரிசயமானது. வாரந்தோறும் சில பென்ஸ் வீதம் சீட்டுக் கட்டுவார்கள். வருஷக் கடைசியில் சீட்டுப் பணத்துக்கு வாத்துக் கிடைக்கும். நம்மூர்த் தீபாவளிச் சீட்டுக்கு இது அண்ணனா, தம்பியா என்று தெரியவில்லை. ஒரே குடும்பம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. வாத்துக் கிடைத்துவிட்டாலும் அதைச் சுடுவதற்கு ஏழை வீட்டில் அடுப்பு இராது. தெருக்கோடியிலுள்ள ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கி வருவார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ம் வருஷம் வெளியிட்ட பிரசித்தமான கிறிஸ்துமஸ் கதையில், ஏழைக் குமாஸ்தா கிராச்சிட் வீட்டுக்கு வாத்து வந்து சேருவதும் இவ்விதமே. அந்தக் கதையின் கடைசியில் மனம் திருந்திய கருமி அனுப்பி வைக்கும் பெரிய வான்கோழி, அக்காலத்தில் பணக்காரர்களின் பறவை. குளிர்சாதனப் பெட்டியும் பெரிய கோழிப் பண்ணைகளும் பெருகிய பிறகு, அதாவது இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட காலத்திலேதான், வான்கோழி அங்கே சாமானிய வீடுகளில் எல்லாம் புகுந்தது. ஆகவே, பாட்டியின் பாட்டி அதைச் சமைத்திருப்பாளா என்பதே சந்தேகம்.

ஊரில்லாப் பறவை

இந்தப் பறவையின் பூர்வோத்தரமும் வேடிக்கையானது. இதன் ஜன்ம பூமி அமெரிக்கா. மெக்ஸிகோ தேசத்துப் பழங்குடி மக்கள் இதை வீட்டுப் பறவையாகப் பழக்கி வைத்திருந்தார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அதற்குத் துருக்கி தேசத்தின் பெயரை வைத்து 'டர்க்கி' என்றார்கள். துருக்கியர்களோ அதை 'ஹிந்தி' என்று அழைக்கிறார்கள். அதாவது, நம் இந்தியாவிலிருந்து வந்ததாம்! பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரும் இந்தியாவைக் குறிப்பதே. அமெரிக்காவைக் கண்டவர்கள் அதை இந்தியா என்று எண்ணிய பழைய குழப்பத்தின் மிச்சம் இது. பாவம், எல்லா தேசத்தாரும் சாப்பிட்டார்கள். தங்கள் ஊர்க்காரன் என்று ஒப்புக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை.

நம் நாட்டில் மயிலைப் பார்த்து ஆடப் போய் அவமானப்பட்டதாகப் பேர் வாங்கிய பறவை, ஐரோப்பியப் பிரபுக்களின் விருந்து மேஜையில் மயிலையே அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொண்டது என்பது நினைவில் வைக்கத் தக்க சமாசாரம்.

இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு முன்னால் நம் வீட்டுச் சமையலறையையும் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சாம்பாருக்கு மிளகாய் வேண்டும். ரஸத்துக்குத் தக்காளி வேண்டும். விருந்து என்றால் உருளைக்கிழங்குக் கறி வேண்டும். இம்மூன்றும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்த்துக்கீசியர் முதலிய ஐரோப்பியரின் கப்பல்கள் வரத் தொடங்கிய பின்னர் இங்கே வந்தவை. இதற்குச் சாட்சி நம் வீடுகளிலேயே இருக்கிறது. வைதிகமான சிராத்தச் சமையலில் மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அங்கே அனுமதியில்லை. பழைய சமையல் எப்படி இருந்தது என்பதைப் பித்ருக்கள் மாத்திரம் மறக்கவில்லை!

சாம்ராஜ்யப் புட்டிங்

வான்கோழிக்கு அடுத்தபடியாகக் கிறிஸ்துமஸ் மேஜையில் முக்கியமான பதார்த்தம் 'பிளம் புட்டிங்'. 'பிளம்' என்ற பழம் இதில் மருந்துக்குக்கூட இல்லை. உலர்ந்த திராட்சைக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. கோதுமைக் கஞ்சியாகவும் மாமிசக் கூழாகவும் இருந்த பழைய உணவு ஒன்று, மாமிசத்தை உதறிவிட்டுச் சர்க்கரையையும் பழத்தையும் சேர்த்துக்கொண்டு இந்தத் திவ்ய ரூபத்தை அடைந்தது.

இந்தப் புட்டிங் ஒரு சமயம் ராஜ்ய விவகாரத்திலும் நுழைந்தது. சாம்ராஜ்யத்தில் விளையும் பொருள்களையே பிரிட்டிஷார் வாங்கவேண்டுமென்று பிரசாரம் செய்வதற்காக 1926-ம் வருஷத்தில் 'எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு' என்ற சபை ஒன்று லண்டனில் ஏற்பட்டது. மறு வருஷம் அந்தச் சபைக்காக, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைத் தலைமைச் சமையற்காரர் ஒரு புட்டிங் செய்முறை அளித்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து உலர்ந்த திராட்சை, தென்னாப்பிரிக்காவிலிருந்து கொட்டை நீக்கிய திராட்சை, இலங்கையிலிருந்து லவங்கப்பட்டை, ஜான்ஸிபாரிலிருந்து கிராம்பு, ஸைப்ரஸிலிருந்து பிராந்தி, ஜமைக்காவிலிருந்து ரம் என்று ஒவ்வொரு சாமானுக்கும் நேரே ஒரு நாட்டின் பெயர் எழுதப்பட்டிருந்தது. முப்பது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்த இந்தியாவுக்கு அதில் கிடைத்த இடம் எது? ஒரே ஒரு தேக்கரண்டி வாசனைப் பொடி!

அந்த 1927-ம் வருஷ டிசம்பர் கடைசி வாரத்தில், இங்கிலாந்தில் இந்தச் சாம்ராஜ்யப் புட்டிங்கின்மீது பிராந்தியை ஊற்றிக் கொளுத்திக்கொண்டிருந்த அதே சமயத்தில், சென்னை நகரில் டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பூரண சுதந்தரமே இந்திய மக்களின் லட்சியம் என்று அந்தச் சபை தீர்மானித்தது. தேக்கரண்டி தனக்குரிய அளவை மீறிப் பேச ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு 1933-ல் கலைக்கப்பட்டது. சாம்ராஜ்யமும் பின்னால் அதே வழியில் சென்றது. புட்டிங் மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. ஒரு பதார்த்தத்தின்மீது யார் எந்தக் கொடியை நாட்டினாலும், கடைசியில் அது உண்பவர்களுக்கே சொந்தமாகிறது என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

முடைக் காலத்து விருந்து

வழக்கத்தைச் சிலர் விரும்பி மாற்றுகிறார்கள். சிலருக்கு விதி வந்து மாற்றி வைக்கிறது. 1870-ம் வருஷத்தில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டிருந்தன. முற்றுகையின் 99-வது நாள் கிறிஸ்துமஸ். அன்று வாஸான் என்ற புகழ் பெற்ற போஜனசாலையில், மிருகக்காட்சிச் சாலையின் பிராணிகளைக் கொண்டு தயாரித்த பதார்த்தங்கள் பட்டியலில் இடம்பெற்றன. யானை ரஸம், ஒட்டக வறுவல், கங்காருக் குழம்பு, எலிகள் புடைசூழப் பூனை! பணம் படைத்தவர்கள் அதையும் உயர்ந்த ஒயினுடன் உண்டார்கள். ஏழைகளுக்கு அந்த யானை ரஸங்கூடக் கிட்டவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது இங்கிலாந்து அடைந்த அனுபவம் இதைவிடக் கௌரவமானது. 1940-ம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி அங்கே உணவுப் பங்கீடு ஆரம்பமாயிற்று. வெண்ணெயும் சர்க்கரையும் அளந்து கொடுக்கப்பட்டன. உல்டன் பிரபுவின் நிர்வாகத்திலிருந்த உணவு மந்திரி காரியாலயம், குடும்ப ஸ்திரீகளுக்காகத் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு விநியோகித்தது. உருளைக்கிழங்கையும் ஆப்பிளையும் பாலாடைக்கட்டியையும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்டு, அதற்குப் 'போலி வாத்து' என்று பெயரிட்டார்கள். புட்டிங்கில் சர்க்கரைக் குறைவை ஈடு செய்யக் காரட்டைத் துருவிப் போட்டார்கள். பாதாம் பருப்புக்குப் பதில் ஸோயா மாவும் வாசனைச் சத்தும் சேர்ந்தன. மாமிசப் பங்கீடு 1954-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி வரையில் நீடித்தபடியால், பதினான்கு கிறிஸ்துமஸ் பண்டிகைகளை அந்தத் தேசத்து மக்கள் இவ்விதம் பங்கீட்டு அட்டையுடன் கழித்தார்கள். அந்த வருஷங்களில் குழந்தையாயிருந்தவர்களுக்குப் 'போலி வாத்து'தான் பண்டிகை. அவர்களிடம் போய், "அது உண்மையான கிறிஸ்துமஸ் விருந்து அல்ல" என்று யாரால் சொல்ல முடியும்?

சீதோஷ்ணமும் அண்டை வீட்டாரும்

ஆஸ்திரேலியாவில் டிசம்பர் மாதம் கொளுத்தும் கோடைக் காலம். நெருப்பு மூட்டிப் பறவையைச் சுட்டு, கொதிக்கக் கொதிக்கப் புட்டிங் சாப்பிடுவது இங்கிலாந்தின் பனிக்குப் பொருந்தும். ஸிட்னி நகரத்து வெயிலுக்குப் பொருந்துமா? ஆயினும் அங்கே குடியேறியவர்கள் தாய்நாட்டு ஞாபகத்தினால் தலைமுறை தலைமுறையாக வியர்வை வழிய வழிய அதையே செய்துவந்தார்கள். பின்னர் மெள்ள மெள்ளப் புத்தி தெளிந்தது. குளிரவைத்த இறாலும், மாம்பழமும், முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் செய்யும் 'பாவ்லோவா'வும் மேஜைக்கு வந்தன. ஸிட்னி மீன் சந்தை பண்டிகைக்கு முன்பு 36 மணி நேரம் இரவு பகல் மூடாமல் வியாபாரம் செய்யும் வழக்கம் ஏற்பட்டது இதனால்தான்.

ஜப்பானின் கதை இன்னும் விசித்திரம். அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். 25-ந் தேதி விடுமுறைகூடக் கிடையாது. 1970-ல் அந்நாட்டில் கால் வைத்த அமெரிக்கக் 'கென்டக்கி' வறுத்த கோழிக் கடையார், 1974-ல் "கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி" என்று தேசமெங்கும் விளம்பரம் செய்தார்கள். வான்கோழிக்கும் பெரிய அடுப்புக்கும் வழியில்லாத வீடுகளில் அந்த விளம்பரம் பலித்தது. பல வாரங்களுக்கு முன்பே சொல்லி வைத்துக் கோழியும், ஸ்ட்ராபெரிப் பழம் வைத்த வெள்ளைக் கேக்கும் வாங்கி உண்பது அங்கே நிலைத்துவிட்டது. வியாபாரியின் தந்திரம் என்று இதை இகழலாம். ஆனால் ஐம்பது வருஷம் கழிந்தால் வியாபாரியின் தந்திரமும் பாட்டியின் வழக்கமாகிவிடுகிறது.

நியூயார்க் நகரத்து யூதர்களின் வழக்கமோ மனத்தைத் தொடுவது. கிறிஸ்துமஸ் அவர்களுடைய பண்டிகை அல்ல. அன்று ஊரெல்லாம் கதவடைத்திருக்கும். திறந்திருப்பவை சீனர்களின் போஜனசாலைகளே. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இருசாராரும் அந்நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் அண்டை அயலாராகக் குடியேறியவர்கள். சீனச் சமையலில் பால் சேர்ப்பது அபூர்வம். ஆகவே, மாமிசத்தையும் பாலையும் கலந்து உண்ணக்கூடாது என்னும் யூத ஆசாரத்துக்கு அங்கே இடைஞ்சல் குறைவு. ஊரார் கொண்டாடும் நாளில் தனித்து நின்ற இரண்டு சமூகத்தார், ஒருவர் சமைக்க ஒருவர் உண்டு, தங்களுக்கென்று ஒரு விருந்தை உண்டாக்கிக்கொண்டார்கள். 2010-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பதவிக்குப் பெயர் குறிக்கப்பட்ட எலினா கேகன் அம்மையாரை, செனட் சபை விசாரணையில் ஓர் அங்கத்தினர், கிறிஸ்துமஸ் தினத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். எல்லா யூதர்களையும்போல் ஏதாவது ஒரு சீன போஜனசாலையில்தான் இருந்திருப்பேன் என்று அந்த அம்மையார் பதிலளிக்க, சபை முழுவதும் சிரித்தது.

நம் தேசத்தில்

நம் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்தப் பிரச்னையை எப்போதோ தீர்த்துவிட்டன. கேரளத்தில் டிசம்பர் முதல் தேதியிலிருந்து நோன்பு இருந்தவர்கள், பண்டிகையன்று ஆப்பமும் தேங்காய்ப் பால் விட்ட ஸ்டூவும் உண்டு நோன்பை முடிக்கிறார்கள். கோவாவில் தோதோலும் பெபிங்காவும் மணக்கின்றன. தமிழ் நாட்டிலோ முறுக்கும் அதிரஸமும் தட்டில் நிறைந்து, அண்டை வீடுகளுக்கெல்லாம் ஜாதி மத பேதமின்றிப் போய்ச் சேருகின்றன, மத்தியானம் பிரியாணி. தீபாவளிக்கு வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்குத் திரும்பிப் போகிறது. இந்தப் போக்குவரத்துக்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் தேவையாயிருந்ததில்லை.

கேக்கைக்கூட நாம் அப்படியே கடன் வாங்கிவிடவில்லை. 1883-ம் வருஷத்தில் பிரௌன் என்ற ஆங்கிலத் தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைத் தலைச்சேரியில் ரொட்டிக் கடை வைத்திருந்த மாம்பள்ளி பாபுவிடம் காட்டி, அதுபோல் செய்யச் சொன்னார் என்றும், பாபு அயல் நாட்டுப் பிராந்திக்குப் பதிலாக உள்ளூரில் கிடைத்த முந்திரிப் பழச் சாராயத்தைச் சேர்த்துச் செய்து துரையையே மெச்ச வைத்தார் என்றும் அந்த ஊரில் பெருமையுடன் சொல்லுகிறார்கள். மாதிரி அயல் நாட்டுடையது, கைமணம் நம்முடையது.

எதைச் சமைப்பது?

இனி, ஆரம்பத்தில் கண்ட விவாதத்துக்குத் திரும்புவோம். வழக்கத்தை மாற்ற விரும்பும் வீட்டார் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலாவது, சமைப்பவளின் நிலைமை. உறைய வைத்த 6 கிலோ வான்கோழி ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் பனி நீங்குவதற்கு மூன்று நாள் பிடிக்கும். சுடுவதற்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மார்புப் பகுதி முதலில் வெந்துவிடும். தொடை வேகும்வரை காத்திருந்தால் மார்பு வறண்டு போகும். காத்திராவிட்டால் நோய் வரும். உட்பகுதியில் 74 டிகிரி ஸென்டிகிரேடு உஷ்ணம் ஏறியிருக்கவேண்டும் என்பது விதி. இந்தக் கவலைகளையெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்திரீ, தனியாக, மற்றவர்கள் கூடத்தில் பாடிச் சிரிக்கும்போது சுமக்கிறாள். வழக்கத்தை மாற்ற வேண்டுமென்று அவள் சொன்னால் அதில் மற்றவர்களுடையதைவிட நியாயம் அதிகம். மாற்றக்கூடாது என்று மற்றவர்கள் சொன்னால், அவர்கள் முதலில் சமையலறைக்குள் வந்து சொல்லட்டும்.

இரண்டாவது, கூடிச் செய்யக்கூடிய பதார்த்தம் மிகவும் உத்தமம். மெக்ஸிகோவிலும், அமெரிக்காவில் குடியேறிய மெக்ஸிகோக்காரர் வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்குத் 'தமாலே' செய்கிறார்கள். சோள மாவுக்குள் பூரணம் வைத்து, சோளக் கதிரின் மேல்தோலில் சுற்றி ஆவியில் வேகவைப்பார்கள். நம் கொழுக்கட்டைக்கு நெருங்கிய உறவு. பாட்டி, மருமகள், பேரன், பேத்தி எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மாவு தடவ, ஒருவர் பூரணம் வைக்க, ஒருவர் மடிக்க, ஊர் வம்பு தாராளமாக நடக்கும். முறுக்குச் சுற்றும் நாளில் நம் வீட்டுக் கூடம் எப்படியிருக்குமோ அப்படி.

மூன்றாவது, அதிதிகள் யார் என்று பார்க்கவேண்டும். புலால் மறுத்தவர் ஒருவர் மேஜையில் இருந்தால், அவருக்கு வேகவைத்த கறிகாயை மட்டும் ஒதுக்கித் தருவது உபசாரமாகாது. இங்கிலாந்தில் பல வீடுகளில் முந்திரி, வாதுமை முதலிய கொட்டைகளை அரைத்துச் சுட்ட சைவ பதார்த்தம் நடு மேஜைக்கே வந்திருக்கிறது. அங்கே குடியேறிய நம்மவர் வீடுகளில் வான்கோழிக்கே மசாலா தடவிவிடுவதும் உண்டு. புதிய பதார்த்தம் எதுவானாலும் பண்டிகைக்கு முன்னால் ஒரு முறை செய்து பார்த்துவிடுவது விவேகம். விருந்தாளிகளின் நாக்கைப் பரிசோதனைச் சாலையாக்கக் கூடாது.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாகாது. வீட்டிலுள்ள முதியவர் எந்த ஒரு பதார்த்தத்துக்காகக் காத்திருப்பாரோ, அந்த ஒன்றை மட்டும் அவர் கற்றுக் கொடுத்தபடியே செய்து வைத்துவிட்டு, மற்றவற்றில் மனம்போல் புதுமை செய்யலாம். முதியவருக்கு வேண்டியது அந்தப் பண்டத்தின் ருசி மாத்திரமல்ல. தம் கைமுறை இந்த வீட்டில் இன்னும் இருக்கிறது என்ற நிச்சயம். ஒரு சிறு கிண்ணத்தினால் அதை அளித்துவிட முடியுமானால், அதற்கா பஞ்சம்?

போலந்து தேசத்தில், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு வானத்தில் முதல் நட்சத்திரம் தோன்றிய பிறகே விருந்துக்கு உட்காருகிறார்கள். பன்னிரண்டு பதார்த்தம் செய்வது சம்பிரதாயம், மாமிசம் கிடையாது. எந்தப் பன்னிரண்டு என்பதில் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்தாலும் மேஜையில் ஓர் ஆசனமும் ஒரு தட்டும் அதிகமாகப் போட்டு வைப்பார்கள். எதிர்பாராமல் எவரேனும் அதிதி வந்து கதவைத் தட்டினால் அது அவருக்கு. கிறிஸ்துமஸுக்கு வான்கோழியா, இறாலா, பிரியாணியா என்று சண்டை பிடிப்பவர்கள், அந்தத் தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சாவகாசமாகச் சண்டை பிடிக்கலாம்.